உயிரை முதலாகப் போட்டு ஓடுகிறவர்கள்

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே ஐல் ஒப் மேன் என்றொரு சிறு தீவு. அங்கு 1907ஆம் ஆண்டிலிருந்து மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டி நடந்து வருகிறது. டி.டி. என்று சொல்வார்கள். இதற்கெனத் தனி மைதானம் கிடையாது. சனங்கள் அன்றாடம் போய்வரும் வீதியை மறித்துத்தான் ஓடுகிறார்கள். ஒரு சுற்று 37¾ மைல். 200க்கு மேற்பட்ட வளைவுகள். ஓரத்தில் கல் மதில், வீடு, விளக்குக் கம்பம். 2023இல் பீட்டர் ஹிக்மன் என்பவர் இந்தச் சுற்றைச் சராசரியாக மணிக்கு 136 மைல் வேகத்தில் ஓடி முடித்தார்.

1911 முதல் இந்தப் பாதையில் உயிரிழந்த ஓட்டக்காரர்கள் 260 பேருக்கும் அதிகம். 2022 டி.டி.யில் மாத்திரம் ஆறு பேர். அதில் ஒரே வண்டியில் போன தகப்பனும் மகனும் அடக்கம்.

மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகம் விற்று வாழ்கிற எனக்கு இதை வீரம் என்று சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. முதல் யாருடையது, இலாபம் யாருக்கு என்றுதான் மனம் கணக்குப் பார்க்கிறது. போட்டியின் உரிமை தீவின் அரசாங்கத்திடம் இருக்கிறது. கப்பலுக்கும் ஹோட்டலுக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் அந்த இரண்டு கிழமையும் பெரிய சீசன். கம்பனிகளுக்கு விளம்பரம். ஓட்டக்காரர்களில் கம்பனிச் சம்பளம் வாங்குபவர்கள் சிலரே. மற்றவர்கள் வேறு தொழில் பார்த்து, வண்டிக்கும் டயருக்கும் கப்பலுக்கும் சொந்தக் காசையும் சிறு அனுசரணையாளர் தரும் காசையும் போட்டு வருபவர்கள். 26 தடவை வென்ற ஜோய் டன்லொப் கூட ஊரில் மதுச்சாலை நடத்தியவர்தான்.

இப்படி வந்தவர், வீதி ஈரமாக இருக்கிறது, மனம் சரியில்லை என்று திரும்பிப் போவது இலேசா? பெருநாள் வியாபாரத்துக்குக் கடனுக்குச் சரக்கு இறக்கியவர்களுக்கு இந்த நெருக்குதல் நன்றாக விளங்கும். நமக்குப் போவது காசு மட்டும்.

டன்லொப் குடும்பத்தைப் பாருங்கள். ஜோய் 2000இல் எஸ்தோனியாவில் ஓடும்போது மரணித்தார். தம்பி ரொபர்ட், 2008 மே மாதம் வட அயர்லாந்தின் நோர்த் வெஸ்ட் 200 போட்டிக்கான பயிற்சியில் போனார். இரண்டே நாளில் ரொபர்ட்டின் மகன் மைக்கல் அதே போட்டியில் ஓடி வென்றார். மைக்கலின் சகோதரர் வில்லியம் 2018இல் இன்னொரு வீதிப் போட்டிக்கான பயிற்சியில் இறந்தார். மைக்கல் அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. 2025 வரை டி.டி.யில் 33 வெற்றிகள். அவரை யாரும் கட்டாயப்படுத்தியதாகச் சொல்ல முடியாது. தகப்பனும் பெரியப்பாவும் செய்ததை விட்டால் வேறு என்ன என்ற நிலை, அவ்வளவுதான்.

இத்தனை மரணமும் நிறுத்தாத போட்டிகளை ஒரு தடவை காப்புறுதி நிறுத்தப் பார்த்தது. 2023 பெப்ரவரியில் வட அயர்லாந்துப் போட்டிகள் எல்லாவற்றையும் இரத்துச் செய்வதாக அங்குள்ள சங்கத்தினர் அறிவித்தார்கள். காரணம், காப்புறுதிக் கட்டுப்பணம் வெகுவாக ஏறி நான்கு இலட்சம் பவுணைத் தாண்டிவிட்டது. இரசிகர்கள் காசு சேர்த்தார்கள், பேச்சுவார்த்தை நடந்தது, மே மாதம் நோர்த் வெஸ்ட் 200 வழமைபோல் ஓடியது.

அந்தப் பெருந்தொகைக் காப்புறுதி முக்கியமாகப் பார்வையாளருக்கும் வெளியாருக்கும் நேரும் சேதத்துக்கானது. ஓட்டக்காரரோ, இது ஆபத்தான விளையாட்டு என்று அறிந்தே வருவதாகப் பெயர் பதியும்போதே கையொப்பம் வைத்துக் கொடுத்துவிடுகிறார்.