மறதி வேறு, மௌனம் வேறு: ‘ஒடுக்குதல்’ என்னும் உளவியல் கருத்தும் விருத்தாசலம் வழக்கும்

‘ஒடுக்குதல்’ என்ற சொல் தமிழில் இரண்டு துறைகளில் இரண்டு பொருளில் வழங்குகிறது. அரசியலில் அது ஒரு கூட்டம் மற்றொரு கூட்டத்தின்மீது செலுத்தும் அதிகாரத்தைக் குறிக்கும். ‘ஒடுக்கப்பட்டோர்’ என்ற சொல் அதிலிருந்து பிறந்தது. உளவியல் பாடநூல்களிலோ, தன்னால் தாங்க இயலாத நினைவையோ ஆசையையோ ஒருவரது மனமே நனவுக்கு எட்டாத இடத்திற்குத் தள்ளிவிடும் செயலைக் குறிக்கும். முதலாவதில் ஒடுக்குபவர் வெளியில் இருக்கிறார். இரண்டாவதில் உள்ளுக்குள் இருக்கிறார். இவ்விரண்டையும் கலந்து பேசும் வழக்கம் நம்மிடையே பெருகிவருகிறது. ‘பாதிக்கப்பட்டவர் அதிர்ச்சியில் மறந்துவிட்டார்’, ‘அந்த ஊரே அதை மறக்க விரும்புகிறது’ என்பன போன்ற கூற்றுகளைக் கருத்தரங்குகளிலும் கட்டுரைகளிலும் காண்கிறோம். பரிவோடு சொல்லப்படும் இக்கூற்றுகள், வன்கொடுமை வழக்குகளில் எதிர்த்தரப்புக்கே பயன்படக்கூடியவை. ஆகவே இக்கருத்தைச் சரியாக விளங்கிக்கொள்வது செயற்பாட்டாளர்களுக்கும் மாணவர்களுக்கும் இன்றியமையாதது.

கருத்து என்ன சொல்கிறது?

சிக்மண்ட் ஃபிராய்டும் யோசப் பிராயரும் 1895இல் ஹிஸ்டீரியா குறித்து வெளியிட்ட ஆய்வுகளில் இக்கருத்து உருப்பெற்றது. உடலில் குறையேதும் இல்லாமலேயே கை செயலிழப்பதும் குரல் அடைபடுவதுமாக வந்த நோயாளிகளிடம், நினைவுக்கு எட்டாமல் தள்ளப்பட்ட துயர அனுபவங்கள் இருப்பதாக அவர்கள் கருதினர். 1915இல் இதற்கென்றே ஃபிராய்டு தனிக் கட்டுரை எழுதினார். அவரது விளக்கத்தின் சாரம் மூன்று கூறுகளில் அடங்கும். ஒன்று, ஒடுக்குதல் நனவின்றி நிகழ்கிறது. தான் எதையோ ஒடுக்கியிருப்பதை ஒடுக்கியவர் அறியார். இரண்டு, அது ஒருமுறை செய்து முடிக்கும் செயல் அன்று. ஒடுக்கப்பட்டது மேலெழாதிருக்க மனம் தொடர்ந்து ஆற்றலைச் செலவிட வேண்டும். மூன்று, ஒடுக்கப்பட்டது அழிவதில்லை. கனவாகவும் வாய்தவறிய சொல்லாகவும் உடல் உபாதையாகவும் காரணமறியா அச்சமாகவும் வேறுருவில் திரும்பி வருகிறது.

ஃபிராய்டின் மகள் அன்னா ஃபிராய்டு 1936இல் வெளியிட்ட நூலில், மனம் தன்னைக் காத்துக்கொள்ளக் கையாளும் பல்வேறு தற்காப்பு இயங்குமுறைகளைத் தொகுத்து விளக்கினார். அவற்றுள் ஒடுக்குதல் முதன்மையானது. அதனோடு அடிக்கடி குழப்பப்படுபவை இரண்டு. ஒன்று அடக்குதல்: நினைவு தெளிவாக இருக்கிறது, ஆனால் அதை வெளியே காட்டாதிருக்க ஒருவர் தெரிந்தே முடிவு செய்கிறார். மற்றொன்று மறுத்தல்: கண்முன் இருக்கும் உண்மையை உண்மையென ஏற்க மனம் மறுக்கிறது. மேலதிகாரி சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தியதை வேலை போய்விடும் என்று அஞ்சி வெளியே சொல்லாதிருப்பவர் அடக்குகிறார். அலுவலகத்தில் அப்படி எதுவும் நடப்பதேயில்லை என்று உளமார நம்பும் சக ஊழியர் மறுக்கிறார். அந்த நிகழ்வே நனவிலிருந்து அகன்று, அந்த அலுவலக வாசலில் கால் வைத்தாலே காரணம் தெரியாமல் உடல் நடுங்கும் ஒருவரிடத்தில்தான் ஒடுக்குதல் என்ற சொல் பொருந்தும்.

ஒடுக்கப்பட்ட நினைவு என்ற கருத்து அறிவியலில் இன்றும் விவாதத்திற்கு உரியதே. 1980களிலும் 1990களிலும் அமெரிக்க நீதிமன்றங்களில், சிகிச்சையின்போது மீண்டு வந்ததாகச் சொல்லப்பட்ட நினைவுகளை அடிப்படையாகக் கொண்டு பல வழக்குகள் நடந்தன. நடவாத நிகழ்வையும் ஒருவரது நினைவில் விதைக்க இயலும் என்பதை எலிசபெத் லாஃப்டஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சோதனைகளால் காட்டியபின் அவ்வழக்குகள் பலவற்றின் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளானது. மறுபுறம், 1980இல் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் இடம்பெற்ற ‘அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு’ என்ற வகைப்பாடு வேறொரு உண்மையை முன்வைத்தது. கடும் வன்முறைக்கு ஆளானவர் பலருக்கு மறதி துன்பம் தருவதில்லை. விரும்பாத நேரத்திலெல்லாம் பீறிட்டு வரும் நினைவே துன்பம் தருகிறது.

மறக்க நேரமில்லாதவர்கள்

இந்த இடத்தில் ஃபிரான்ட்ஸ் ஃபனான் எழுப்பிய கேள்வி நமக்கு உதவும். மார்ட்டினிக் தீவில் பிறந்து பிரான்சில் உளமருத்துவம் பயின்ற அவர், 1952இல் வெளியான தமது முதல் நூலில், ஐரோப்பியக் குடும்பத்தை வைத்து உருவான உளப்பகுப்பாய்வு கறுப்பின மக்களுக்கு அப்படியே பொருந்துமா என ஆராய்ந்தார். நிறவெறி என்னும் நாடகம் ஒவ்வொரு நாளும் வெட்டவெளியில் நடப்பதால், அதை நனவிலிக்குள் தள்ளிவிடக் கறுப்பருக்கு நேரமே கிடைப்பதில்லை என்றும், வெள்ளையரே அதை ஓரளவு தள்ளிவிட முடிகிறது என்றும் அவர் வாதிட்டார்.

சாதிக்கும் இது பொருந்துகிறது. அம்பேத்கர் 1930களில் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளில், 1901இல் சிறுவனாகத் தம் தந்தையைக் காணக் கோரேகான் சென்ற பயணத்தை விவரிக்கிறார். மசூர் ரயில் நிலையம், சாதி தெரிந்ததும் விலகிய நிலைய அதிகாரியின் முகம், இரட்டைக் கூலி பெற்றும் சிறுவர்களையே வண்டி ஓட்டவைத்து உடன் நடந்த வண்டிக்காரர், கையில் உணவிருந்தும் குடிக்க நீர் கிடைக்காத இரவு என முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கடந்தபின் ஒவ்வொரு விவரமும் அவர் நினைவில் துலக்கமாக இருக்கிறது. இதில் ஒடுக்குதலின் சுவடே இல்லை. தீண்டாமை ஒருமுறை நடந்து முடிந்துவிடும் விபத்தன்று. நாள்தோறும் புதுப்பிக்கப்படும் ஏற்பாடு. அத்தகைய அனுபவத்தை மறப்பது அரிது.

புதுக்கூரைப்பேட்டையில் மறந்தவர் யார்?

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தை ஒட்டியுள்ள குப்பநத்தம் புதுக்கூரைப்பேட்டையில் நடந்த கொலை வழக்கை இந்த விளக்கத்தோடு வைத்துப் பார்க்கலாம். பட்டியல் சாதியைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி முருகேசனும், வன்னியர் சாதியைச் சேர்ந்த கண்ணகியும் 2003 மே 5 அன்று கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டனர். கண்ணகியின் தந்தை அப்போது ஊராட்சித் தலைவர். இரு மாதங்கள் கழித்து, ஜூலை 8 அன்று, ஊரார் பலரது கண்முன்னே இருவரும் நஞ்சு புகட்டிக் கொல்லப்பட்டனர், உடல்கள் எரிக்கப்பட்டன.

முறையிடச் சென்ற முருகேசன் குடும்பத்தாரின் புகாரைக் காவல்துறை பதியவில்லை. ஜூலை 17 அன்று பதிவான முதல் தகவல் அறிக்கையோ நடந்ததைத் திரித்து, முருகேசன் தரப்பினரையும் குற்றவாளிகளாகச் சேர்த்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2004இல் விசாரணை சிபிஐக்கு மாறியது. கொலை நடந்து 18 ஆண்டுகளுக்குப்பின், 2021 செப்டம்பரில் கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேருக்குத் தண்டனை விதித்தது: கண்ணகியின் அண்ணனுக்கு மரண தண்டனை, தந்தைக்கும், அன்று விருத்தாசலம் காவல் நிலையத்தில் பணியாற்றிய அதிகாரிகள் இருவர் உள்ளிட்ட மற்றவர்களுக்கும் ஆயுள் தண்டனை. 2022 ஜூனில் உயர் நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது, இருவரை விடுவித்தது, காவல் அதிகாரி ஒருவரின் தண்டனையை இரண்டு ஆண்டுகளாக்கியது. 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, முருகேசனின் தந்தைக்கும் சிற்றன்னைக்கும் தமிழ்நாடு அரசு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

விசாரணையில் அரசுத் தரப்புச் சாட்சிகள் கணிசமானோர் பிறழ்சாட்சிகளாயினர். பலரும் கண்ட ஒரு கொலையை யாரும் காணவில்லை என்ற நிலை உருவாவதை ‘கூட்டு மறதி’ என்றோ ‘ஊரின் நனவிலி’ என்றோ வருணிப்பது எளிது. ஆனால் அது பிழையான வருணனை. ஒடுக்குதல் தனிமனித மனத்திற்குள், அவர் அறியாமல் நிகழ்வது. இங்கு நிகழ்ந்தது அதுவன்று. நிலமும் கூலியும் ஊர்ப் பஞ்சாயத்தும் யார் கையில் இருக்கின்றனவோ அவர்களை எதிர்த்துச் சாட்சி சொல்வதன் விலையை அறிந்தவர் வாய்மூடுவது அடக்குதல். சொந்தச் சாதியைக் காக்கத் தெரிந்தே பொய் சொல்வது உளவியலின் பொருளே அன்று, அது குற்றம். காவல் நிலையத்தில் பொய்யாக எழுதப்பட்ட அறிக்கை அரசின் ஒடுக்குமுறை. இவை அனைத்துக்கும் ‘மறதி’ என்று ஒரே பெயரிட்டால், பொறுப்பேற்க வேண்டியவர்கள் நோயாளிகளாகிவிடுகின்றனர்.

மறக்காதவர்கள் யார் என்பதும் இவ்வழக்கில் தெளிவாகத் தெரிகிறது. முருகேசனின் குடும்பத்தார் 22 ஆண்டுகள் இதைத் தாங்கி நடந்தனர். மகனின் சாவையும் காவல் நிலையத்தில் நேர்ந்ததையும் சிற்றன்னை கூண்டேறிச் சொன்னார். உறவினர் என்பதாலேயே அச்சாட்சியத்தைப் புறந்தள்ள முடியாது என்று நீதிமன்றங்கள் ஏற்றன. வழக்கறிஞர் பொ. இரத்தினம் இவ்வழக்கை ஆண்டுக்கணக்கில் விடாது நடத்தினார். நினைவு இங்கு மனுவாகவும் வாக்குமூலமாகவும் சான்றாவணமாகவும் பாதுகாக்கப்பட்டது.

வேறுபாட்டால் விளையும் பயன்

இந்தப் பாகுபாடு சட்டப் பணியில் நேரடியாகப் பயன்படுகிறது. சாட்சியின் மௌனத்திற்குக் காரணம் ஒடுக்குதலானால் தீர்வு சிகிச்சை அறையில் இருக்கும். காரணம் அச்சமானால் தீர்வு பாதுகாப்பில் இருக்கிறது. 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ பிரிவு இதை உணர்ந்து இயற்றப்பட்டது. பாதிக்கப்பட்டவரையும் சாட்சிகளையும் அச்சுறுத்தலிலிருந்து காப்பது அரசின் கடமை என்கிறது; பயணப்படி, வாழ்க்கைப்படி, தேவையெனில் இடம் மாற்றிக் குடியமர்த்தல் ஆகியவற்றை உரிமையாக்குகிறது; வழக்கு நடவடிக்கைகளைக் காணொளியில் பதிவு செய்யச் சொல்கிறது; சமூகப் பணியாளர், வழக்கறிஞர், தொண்டு நிறுவனம் ஆகியோரின் உதவியைப் பெறும் உரிமையையும் தருகிறது. 4ஆம் பிரிவோ, புகாரைப் பதிந்து, படித்துக்காட்டி, நகல் தருவது அதிகாரியின் கடமை என வரையறுத்து, வேண்டுமென்றே அதைத் தவறும் பட்டியல் சாதியல்லாத அரசு ஊழியருக்குத் தண்டனை விதிக்கிறது. இவற்றைக் கேட்டு மனுச் செய்வதே களத்தில் நமது முதல் வேலை.

இரண்டாவது, புகார் தாமதமாவதற்கு விளக்கம் எழுதும்போது சொற்களில் கவனம் வேண்டும். ‘அதிர்ச்சியில் மறந்திருந்தார், பின்னர் நினைவு வந்தது’ என்று எழுதினால், குறுக்கு விசாரணையில் நினைவின் நம்பகத்தன்மையே தாக்கப்படும். ‘நிலையத்தில் விரட்டப்பட்டார், ஊரில் மிரட்டப்பட்டார், இன்ன நாளில் இன்னாரிடம் சொன்னார்’ என்று நடந்ததை நடந்தபடி பதிவு செய்தால், அது நீதிமன்றம் ஏற்கக்கூடிய விளக்கமாகும். உண்மையிலேயே நினைவு சிதைந்த நிலையில் இருப்பவருக்கு உளமருத்துவரின் உதவி தேவை. அது வழக்குக்காக அன்று, அவருக்காக.

மூன்றாவது, கல்லூரி மாணவர்களைப் பற்றியது. விடுதி அறையில் ஊர்ப்பெயரைச் சொல்லாமலும் உதவித்தொகைப் படிவத்தை மறைத்தும் வாழும் மாணவரை ‘தன் அடையாளத்தை ஒடுக்கிக்கொண்டவர்’ என்று வகுப்பறையில் முடிவு கட்டுவது அநீதி. அவர் எதையும் மறக்கவில்லை. சூழலை அளந்து பார்த்து அடக்குகிறார். அந்த அடக்கத்திற்கும் விலை உண்டு: தூக்கமின்மை, தலைவலி, யாரோடும் ஒட்டாத தனிமை. ஆனால் ‘மனம் திறந்து பேசு’ என்ற அறிவுரையால் மட்டும் அது தீராது. பேசினால் பாதுகாப்பு உண்டு என்ற நிலையைக் கல்லூரி உருவாக்கியாக வேண்டும்.

ஃபிராய்டின் ஒடுக்குதலுக்குச் சாதியச் சமூகத்தில் இடமே இல்லை என்பதில்லை. ‘எங்கள் வீட்டில் சாதியே பார்த்ததில்லை’ என்று உளமார நம்பும் குடும்பத்தில், மகள் பட்டியல் சாதி இளைஞனைக் காதலிக்கிறாள் எனத் தெரிந்த நொடியில் எழும் வெறி எங்கிருந்து வருகிறது? அங்கே தனிக்குவளையும் கொல்லைப்புற வாசலும் நனவிலிருந்து அகற்றப்பட்டு, அழியாமல் காத்திருந்தன. தள்ளப்பட்டது வேறுருவில் திரும்புகிறது என்ற விதியை இங்கே காண்கிறோம். அத்தகைய வீடுகளுக்குள் சாதி குறித்த நேர்மையான பேச்சைத் தொடங்கும் பொறுப்பு அவ்வீடுகளின் படித்த பிள்ளைகளுக்கு உரியது. ஒடுக்கப்பட்டோர் செய்ய வேண்டிய நினைவூட்டலை ஏற்கெனவே செய்துவிட்டனர். அவர்கள் இப்போது கேட்பது, சாட்சிக் கூண்டு வரை அச்சமின்றி நடந்து செல்வதற்கான வழி.