12.7 வோல்ட் காட்டுது, ஆனா லைட் ஏன் சீக்கிரமே அணையுது?

மொபைல் செட்டிங்ஸ்ல போய்ப் பார்த்தா ‘பேட்டரி ஹெல்த்’ இத்தனை சதவீதம்னு காட்டிடும். வீட்டுச் சோலார் பேட்டரிக்கு அந்த வசதி பெரும்பாலும் கிடையாது.

2011-ல் தொடங்கிய முதலமைச்சரின் சூரியசக்தி பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றுக்கும் 5 சோலார் விளக்குகள். பேனல் 20 வருஷத்துக்கு மேல் தாங்கும். லெட் ஆசிட் பேட்டரி அவ்வளவு நாள் தாங்காது. கல்வராயன் மலையில் வெள்ளிமலையையும் தாண்டி இருக்கிற ஊரில் பேட்டரி திடீர்னு போனால், புதுசு கீழே இருந்து மலையேறி வர்ற வரைக்கும் வீடு இருட்டுதான். அதனால முன்கூட்டியே தெரிஞ்சுக்கணும்.

மல்டிமீட்டர் வச்சுப் பார்த்தா போதாதா? போதாது. சில மணி நேரம் சும்மா இருந்த 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி 12.7 காட்டினால் ஃபுல், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. இது சார்ஜ் அளவு மட்டும்தான். குடத்துக்கு அடியில் மண் படிஞ்சிருந்தாலும் தண்ணி விளிம்பு வரைக்கும் தெரியும் இல்லையா? அதே கதைதான்.

அந்த ‘மண்’ லெட் சல்ஃபேட். பேட்டரி பல நாள் முழுசா சார்ஜ் ஆகாமல் கிடந்தால், அது தகடுகளில் கெட்டியான படிகமாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயிலே இல்லாத நாட்களில் நடப்பது இதுதான். அப்புறம் சார்ஜ் போடும்போது வோல்டேஜ் சட்டுனு ஏறும். கன்ட்ரோலரும் ஃபுல் ஆயிடுச்சுனு நம்பி சார்ஜைக் குறைச்சிடும்.

உண்மையான ஹெல்த் தெரிய, காலி பண்ணித்தான் பார்க்கணும். 10 மணி நேரக் கணக்கில் 40 ஆம்பியர்-ஹவர் என்று போட்ட பேட்டரியை ஃபுல் சார்ஜ் செய்து, 4 ஆம்பியர் லோடு கொடுங்க. டேட்டாஷீட்டில் உள்ள கட்-ஆஃப் வோல்டேஜ் வரும்வரை நேரம் குறிச்சு, வந்ததும் நிறுத்திடுங்க. 10 மணி நேரம் ஓடினால் 100%. 6 மணி நேரம்தான் ஓடுச்சுன்னா 60%. 80%-க்குக் கீழே போனாலே மாற்றத் திட்டமிடுவது வழக்கம். டெஸ்ட் முடிஞ்சதும் உடனே சார்ஜ் போட்டுடணும்.

தண்ணி ஊற்றுகிற பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டரும் உதவும். 6 செல்லில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.05 குறைவாகக் காட்டினால், அந்த செல்தான் மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் கதை வேற. பெரும்பகுதி நேரம் செல் 3.2, 3.3 வோல்டிலேயே நிற்கும். வோல்டேஜை வைத்து சார்ஜ் அளவைக்கூடச் சரியாகச் சொல்ல முடியாது. ஒரு ஷண்ட்டும் ஈஎஸ்பி32-ம் வைத்து உள்ளே போன, வெளியே வந்த ஆம்பியர்-ஹவரைக் கூட்டிக்கொண்டே வரணும். சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு ஃபுல் சார்ஜிலும் கணக்கை 100%-க்கு ரீசெட் பண்ணணும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடுறவங்க கவனிங்க!

இதெல்லாம் இல்லாத வீட்டுக்கு ஒரு நோட்டு போதும். வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி, ஆவணியில் ஒரு டெஸ்ட். தேதியும் ஓடின நேரமும் எழுதி பேட்டரி பெட்டி பக்கத்திலேயே மாட்டிடுங்க. போன வருஷம் 9 மணி நேரம், இந்த வருஷம் 7 என்றால், ஐப்பசி வர்றதுக்குள்ள புது பேட்டரிக்கு ஏற்பாடு பண்ணிடலாம்.