காசிப் படிக்கட்டில் ஒரு கேமரா

குழந்தைகளே! காசி என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? கங்கை, கோயில், படித்துறை... அங்கே 80-க்கும் மேற்பட்ட படித்துறைகள் உண்டு. ஊர் ஆற்றின் மேற்குக் கரையில் இருப்பதால், படிகள் கிழக்கு பார்த்து இறங்குகின்றன. எதிர்க்கரையில் சூரியன் எழுந்ததும் முதல் வெயில் நேராகப் படிகளில் வந்து விழும். துணி துவைப்பவர், படகுக்காரர், பூ விற்பவர் எல்லோர் முகத்திலும் வெளிச்சம்! அதனால்தான் புகைப்படக்காரர்கள் விடியும் முன்பே அங்கே போய் நின்றுவிடுகிறார்கள்.

அப்படி நின்றவர்களில் ஒருவர் ரகுபீர் சிங். 1942-ல் ஜெய்ப்பூரில் பிறந்தவர். 'கலை என்றால் கறுப்பு வெள்ளைப் படம்தான். கலர் எல்லாம் விளம்பரத்துக்கு' என்று பெரிய பெரிய ஆட்களே நினைத்த காலம் அது. இவர் கலர் பிலிமை விடவில்லை. மஞ்சளும் குங்குமமும் இல்லாமல் நம் ஊர்த் தெருவா? (என் கட்சியும் அதுதான்!)

அப்போது டிஜிட்டல் கேமரா கிடையாது. ஒரு பிலிம் சுருளுக்கு 36 படம். நன்றாக வந்ததா என்பது கழுவிய பிறகுதான் தெரியும். 1985-ல் கங்கையில் வெள்ளம். காசியில் ஒருவர் உயரத்திலிருந்து தண்ணீரில் பாய்கிறார். அந்தரத்தில் அவர் இருப்பது கண் இமைக்கும் நேரம். அதற்குள் 'க்ளிக்'! 1967-ல் பீகாரின் முங்கேரில், மழையில் ஒடுங்கி நிற்கும் பெண்களை இவர் எடுத்த படமும் மிகவும் புகழ் பெற்றது.

காசிப் படங்கள் 1987-ல் புத்தகமாக வந்தன. தமிழ்நாட்டைப் பற்றியும் தனிப் புத்தகம் போட்டார். 1999-ல் காலமானார்.

நமக்கும் காவிரி இருக்கிறதே! ஆடிப்பெருக்குக்கு மோகனூர், பரமத்தி வேலூர் பக்கம் போனால், அப்பாவின் செல்போனைக் கேட்டு வாங்குங்கள். பெரியவர்கள் துணையில்லாமல் தண்ணீர் அருகே போகக்கூடாது, சரியா? காலையிலேயே போங்கள். உச்சிவெயிலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே நிழல் கட்டிவிடும். குளிப்பவர்களை எடுக்க வேண்டாம். பொரி விற்கும் பாட்டியிடம், "ஒரு போட்டோ எடுக்கட்டுமா பாட்டி?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால், பாட்டி உடனே தலையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக உட்கார்ந்துவிடுவார். அவசரப்படாதீர்கள். யாராவது பொரி கேட்டு வருவார்கள். பாட்டி உங்களை மறந்து படியைக் கையில் எடுப்பார். அப்போது எடுங்கள்!