தையலாலையும் பயிற்சியும்

சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் எஃகுத் தகடுகளையும் சுருள்களையும் ஏற்றிவரும் பாரவண்டிகளைக் கண்டால் ஒதுங்கி நிற்குமாறு நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. இரும்பின் அபாயம் கண்ணுக்குத் தெரிவது. அங்கிருந்து தெற்கே செல்லின், கும்பெனியார் காலத்தில் ஏற்றுமதித் துணியை வெளுத்தோர் வாழ்ந்தமையாற் பெயர்பெற்ற வண்ணாரப்பேட்டை. இன்றும் அங்குத் துணி வாணிகம் செழித்துள்ளது. மெல்லிய துணியைத் தைப்பதில் அபாயம் யாதென வினவுவார் உளர். அது மறைந்து நிற்பது. ஆதலின் கற்றே அறியற்பாலது.

ஒன்று காட்டுவாம். கிளட்ச் மோட்டார் பூட்டிய தையல் இயந்திரம், மின்விசையை நிறுத்திய பின்னும் சிறிதுநேரம் சுழன்றுகொண்டிருக்கும். புதியவள் அது நின்றதென எண்ணி ஊசியில் நூல் கோப்பாள்; கால் தவறிப் பெடலில் படும்; ஊசி விரலைத் துளைக்கும். பயின்றவளோ விசையை நிறுத்தியதும் பெடலை மிதித்து, எஞ்சிய சுழற்சியைத் தீர்த்த பின்னரே கைவைப்பாள். இதனைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும்!

ஊசி ஒடிந்தால், துண்டுகள் அனைத்தையும் தேடிக் காட்டிய பின்பே புதிய ஊசி தருதல் ஏற்றுமதி ஆலைகளின் வழக்கம். ஒரு துண்டு குழந்தையின் சட்டையில் தங்கிவிடின் வரும் கேட்டை விரித்துரைக்க வேண்டா. ஆயினும், தேடும் நேரத்திற்குக் கூலி பிடிக்கும் ஆலையில் ஒடிந்ததை மறைக்கவே தொழிலாளி கற்பாள். அதுவும் ஒருவகைப் பயிற்சியே போலும்.

இனி, நெருப்பு. தொழிலாளர் எல்லாரும் தப்பும் வழியை அறிந்திருக்கவும், தீ மூண்டாற் செய்யவேண்டுவனவற்றிற் பயின்றிருக்கவும் வேண்டுமென 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு விதித்தது. விதி இருந்தாற் போதுமா? 2012 நவம்பர் 24-ஆம் நாள், வங்காளதேசத்து டாக்காவை அடுத்த ஆஷுலியாவில், தஸ்ரீன் ஆடையாலையின் தரைத்தளத்தில் தீ மூண்டது. அபாயமணியும் ஒலித்தது. எழுந்தவர்களை மேலாளர் மீண்டும் வேலையில் அமருமாறு பணித்தனர் என்று உயிர் பிழைத்தோர் கூறினர். 112 பேருக்குக் குறையாமல் மாண்டனர். மணியோசையின் பொருளைத் தொழிலாளர் அறிந்திருந்தனர். அறியாதவர் அவர்க்கு மேலிருந்தோரே. ஆதலின், பயிற்சி தொழிலாளிக்கு மட்டும் உரியதென்பாரோடு யாம் உடன்படோம். மணியடித்துப் படியிறங்கிப் பழகும் நாளில் மேலாளரும் உடன் இறங்குதல் வேண்டும். அன்று குறைந்த உருப்படிக் கணக்கை மறுநாள் அவர் கேட்டலும் ஆகாது.