112 ஏன் 9-க்கு முன்னால் வருகிறது?

பண்ருட்டிக்கு அருகே காடாம்புலியூர் போன்ற முந்திரிக்காட்டு ஊர்களில் நிலம் பாகம் பிரியும்போது சர்வே எண்ணும் கூடவே பிரிகிறது. எடுத்துக்காட்டாக, 112/3 என்ற உட்பிரிவு 112/3ஏ, 112/3பி ஆகும். 3ஏ மறுபடி உடைந்தால் 3ஏ1, 3ஏ2. புல எண், உட்பிரிவு எண், எழுத்து, மீண்டும் ஓர் எண் என்று நான்கு தகவல்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும் சரம் இது. இத்தகைய பட்டியலை அப்படியே வரிசைப்படுத்தச் சொன்னால், கணினி 112/3-ஐ 9/2-க்கு முன்னால் வைக்கும். 112/10-ஐ 112/3-க்கு முன்னால் வைக்கும். சரமாகக் கொடுத்ததை இடமிருந்து ஒவ்வொரு குறியாகத்தான் அது ஒப்பிடுகிறது. 1 என்ற குறி 9-க்கு முந்தியது; அந்த இடத்திலேயே முடிவு தெரிந்துவிடுவதால் மேற்கொண்டு பார்ப்பதில்லை. இது அழகுக் குறை மட்டுமல்ல. அடுத்தடுத்த எண்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த நிலங்கள். வரிசை குலைந்த பட்டியலை வைத்துக்கொண்டு புலப்படத்தைச் சரிபார்ப்பது பெரும்பாடு.

சரத்தைத் தொடாமல், அதிலிருந்து ஒப்பிடுவதற்கென்று தனியாக ஒரு சாவியை உண்டாக்குவதே சரியான வழி என்பேன். பைத்தானில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஒன்றைக் கொண்டு இலக்கக் கூட்டங்களையும் எழுத்துகளையும் பிரித்து, இலக்கங்களை முழு எண்ணாக மாற்றினால், 112/3ஏ1 என்பது (112, 3, ஏ, 1) என்ற டூப்பிள், அதாவது உறுப்புகளின் வரிசைத் தொகுப்பு, ஆகிறது. டூப்பிள்களை முதல் உறுப்பிலிருந்து ஒப்பிடுவது அந்த மொழியின் இயல்பு. புலம் சமமானால் உட்பிரிவு, அதுவும் சமமானால் எழுத்து என்று தானே இறங்கிப் போகும். பெர்ல் மொழியில் ராண்டல் ஷ்வார்ட்ஸ் பெயரால் வழங்கும் உத்தியும் இதுவே: ஒவ்வொரு சரத்துக்கும் சாவியை ஒரே முறை கணக்கிட்டு, வரிசைப்படுத்தி, பிறகு சாவியைக் கழற்றிவிடுவது.

முன்னால் பூஜ்யம் சேர்த்து 0009/0002 என்று எழுதினால் போதாதா என்று கேட்கலாம். வரிசை சரியாகத்தான் வரும். ஆனால் பட்டாவில் இருப்பது 9/2. ஆவணத்தின் அடையாளத்தைக் கணினியின் வசதிக்காகத் திருத்துவது எனக்கு ஒப்பவில்லை. எக்செல் போதும் என்போருக்கும் ஓர் எச்சரிக்கை: 9/2 என்று தட்டினால் அது தேதியாக மாறிவிடும். இதே தொல்லையால் மனித மரபணுக்கள் சிலவற்றுக்குப் பெயரையே மாற்றினார்கள். அதற்கான நெறிமுறை 2020-இல் வெளிவந்தது. எல்லாப் பதிவும் ஒரே அமைப்பில் இருக்காதே என்பதுதான் வலுவான ஆட்சேபம். 112/ஏ3 என்று யாராவது மாற்றித் தட்டியிருந்தால், அதே புலத்தின் 112/3-உடன் ஒப்பிடும்போது எழுத்தும் எண்ணும் மோதும். பைத்தான் 2 சத்தமில்லாமல் அதை ஓர் இடத்தில் செருகிவிடும். பைத்தான் 3 பிழை சொல்லி நின்றுவிடும். நிற்பதே நல்லது. அந்த வரியைத் தேடிப் பிடித்து, கிராமத்தின் நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டோடு ஒத்துப்பார்த்த பிறகு ஓட்டினால் போதும்.