மெல்ல மாறும் நிறம்

இணையத்தளம் ஒன்றைத் திறந்தவுடன் திரையின் மேற்பகுதியில் சில சொற்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். பள்ளியின் இணையத்தளம் எனில், ‘முகப்பு’, ‘வரலாறு’, ‘கழகங்கள்’, ‘தொடர்பு’ போன்ற சொற்கள் அவ்வரிசையில் இருக்கும். இதனை வழிகாட்டிப் பட்டி என்பர். பேரங்காடியின் நுழைவாயிலில் உள்ள வழிகாட்டிப் பலகையைப் போன்றது இது. ஆனால், பலகைக்கு இல்லாத ஓர் ஆற்றல் இப்பட்டிக்கு உண்டு. சுட்டியின் அம்புக்குறியை ஒரு சொல்லின் மேல் கொண்டு சென்றதும் அச்சொல் மெல்ல நிறம் மாறுகிறது. அம்புக்குறியை விலக்கியதும் மெல்லப் பழைய நிறத்திற்குத் திரும்புகிறது. இது வெறும் அழகுக்காகச் செய்யப்படுவது எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், இந்நிற மாற்றம் பயனருக்குக் கிடைக்கும் ஒரு மறுமொழி. ‘இது ஓர் இணைப்பு, இதை அழுத்தினால் வேறொரு பக்கம் திறக்கும்’ என்பதை அது சொல்லாமல் சொல்கிறது.

இவ்வசதி இணையம் தோன்றிய காலத்திலேயே இருந்ததன்று. 1989ஆம் ஆண்டில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். பக்கங்களின் தோற்றத்தைத் தனி விதிகளால் அமைக்கலாம் என்னும் கருத்தை 1994ஆம் ஆண்டில் ஹோகன் வியூம் லீ வெளியிட்டார். அதுவே சி.எஸ்.எஸ். எனப்படும் வடிவமைப்பு மொழியாக வளர்ந்து, 1996ஆம் ஆண்டில் தரமாக அறிவிக்கப்பட்டது. அம்புக்குறி இணைப்பின் மேல் நிற்கும்போது என்ன நிகழ வேண்டும் என்பதைக் கூறும் விதி 1998ஆம் ஆண்டில் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் இடம்பெற்றது.

அதற்கு முன்னர் வடிவமைப்பாளர்கள் பட்டியில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் இரண்டு நிறங்களில் படமாக வரைந்து, ஜாவாஸ்கிரிப்ட் நிரலைக் கொண்டு ஒன்றை மறைத்து மற்றொன்றைக் காட்டினர். ஆறு சொற்களுக்குப் பன்னிரண்டு படங்கள் தேவைப்பட்டன. புதிய விதி இச்சுமையைக் குறைத்தது. எனினும், நிறம் மின்விளக்குப் போட்டாற்போல் சட்டென்று மாறியது. படிப்படியான மாற்றத்திற்குரிய விதிகளின் முதல் வரைவை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2009ஆம் ஆண்டில் வெளியிட்டது. இவ்விதிகள் ‘டிரான்சிஷன்’ எனப்படுகின்றன.

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது? கணினித் திரையில் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் அளவுகளால் குறிக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 0 முதல் 255 வரை அமையும். கறுப்பு நிறத்தில் மூன்றும் 0. சிவப்பின் அளவை மட்டும் 200 ஆக்கினால் அடர்சிவப்பு கிடைக்கும். கறுப்பிலிருந்து அடர்சிவப்பிற்கு 0.3 வினாடியில் சீராக மாற வேண்டும் எனக் கட்டளையிட்டால், இடைப்பட்ட நிறங்களை உலாவியே கணக்கிட்டுக்கொள்ளும். பாதி நேரத்தில் சிவப்பின் அளவு 100 ஆக இருக்கும். பல திரைகள் ஒரு வினாடிக்கு 60 முறை தம் காட்சியைப் புதுப்பிக்கின்றன. எனவே, அந்த 0.3 வினாடிக்குள் ஏறத்தாழ 18 நிலைகள் தோன்றி மறைகின்றன. நம் கண்களுக்கோ அது தடையற்ற ஒரே மாற்றமாகத் தெரிகிறது.

கால அளவை எழுதும் இடத்திலும் கவனம் தேவை. அதனை இணைப்பின் இயல்பு நிலைக்குரிய விதியில் எழுதினால், நிறம் மாறும்போதும் திரும்பும்போதும் மென்மை இருக்கும். அம்புக்குறி மேலே நிற்கும் நிலைக்குரிய விதியில் மட்டும் எழுதினால், நிறம் மெல்ல மாறும். ஆனால், அம்புக்குறி விலகியதும் சட்டென்று திரும்பிவிடும். தொடக்க நிலையில் உள்ளோர் பலர் இவ்விடத்தில் தடுமாறுவதுண்டு.

மாற்றத்திற்கு எவ்வளவு நேரம் கொடுக்கலாம்? கணினிப் பயன்பாட்டை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன், 1993ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் இதற்கு உதவும் அளவுகளைத் தந்துள்ளார். 0.1 வினாடிக்குள் கிடைக்கும் மறுமொழி உடனடியானதாகத் தோன்றும். ஒரு வினாடியைக் கடந்தால் பயனரின் சிந்தனையோட்டம் தடைபடத் தொடங்கும். ஆகவே, 0.2 முதல் 0.3 வினாடி வரையிலான நேரம் பட்டிக்கு ஏற்றது. அதைவிட நீண்டால், விரைந்து வேலை செய்வோருக்குப் பக்கம் மந்தமாக இயங்குவது போன்ற எண்ணம் ஏற்படும்.

எதை மாற்றுவது என்பதும் சிந்திக்கத்தக்கது. எழுத்தைத் தடிப்பாக்கினால் சொல்லின் அகலம் கூடும். அருகிலுள்ள சொற்கள் நகர்ந்து பட்டியே குலுங்கும். தமிழ்ப் பட்டியில் அடிக்கோடு இடும்போதும் கவனம் வேண்டும். ‘மு’, ‘ழு’, ‘கு’ போன்ற எழுத்துகளின் உகரக் குறி கீழே இறங்குவதால், உலாவி அவ்விடங்களில் கோட்டைத் துண்டித்துவிடும். கோட்டைச் சற்றுத் தாழ்த்தி அமைத்தால் இச்சிக்கல் தீரும்.

சிலர் அம்புக்குறி படும்போது சொல்லைப் பாதி அளவுக்கு மங்கச் செய்கின்றனர். இங்கேதான் அழகு பயனைக் கெடுக்கிறது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தின் நிற வேறுபாடு 21-க்கு 1 என்னும் விகிதத்தில் உள்ளது. அவ்வெழுத்தைப் பாதியாக மங்கச் செய்தால் விகிதம் 4-க்கும் சற்றுக் குறைந்துவிடும். இணைய அணுகல் வழிகாட்டியோ வழக்கமான அளவுள்ள எழுத்துகளுக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்கிறது. பார்வைக் குறைபாடு உடையவர் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க முனையும் அதே கணத்தில் அச்சொல் அவருக்குத் தெளிவின்றிப் போகிறது. நிறங்களை வேறுபடுத்திக் காண இயலாதோருக்கு நிற மாற்றம் மட்டும் போதாது. அடிக்கோடும் சேர்ந்தால் அவர்களும் மாற்றத்தை உணர்வர்.

சுட்டியே பயன்படுத்தாதோரையும் மறத்தலாகாது. திறன்பேசியின் தொடுதிரையில் விரலைச் சொல்லின் மேல் மிதக்க விட இயலாது. தொட்டால் இணைப்புத் திறந்துவிடும். எனவே, அம்புக்குறி பட்டால் மட்டுமே தோன்றும் துணைப்பட்டி திறன்பேசியில் எட்டாக்கனியாகிவிடலாம். கைந்நடுக்கம் போன்ற காரணங்களால் சுட்டியைப் பிடிக்க இயலாதோர் விசைப்பலகையின் ‘டேப்’ விசையை அழுத்தி ஒவ்வோர் இணைப்பாகச் செல்கின்றனர். அம்புக்குறிக்குத் தரும் மாற்றத்தை இந்நிலைக்கும் சேர்த்து எழுதினால்தான் தாம் எந்த இணைப்பில் இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்குக் கூடுதலாக ஒரு வரிக் கட்டளையே போதும்.

ஒரு பட்டியைச் சோதிக்க எளிய வழி உண்டு. சுட்டியைக் கணினியிலிருந்து அகற்றிவிட்டு, விசைப்பலகையால் மட்டும் எல்லாப் பக்கங்களையும் திறந்து பார்க்க வேண்டும். பின்னர், திறன்பேசியிலும் பார்க்க வேண்டும். இவ்விரண்டிலும் வழி தவறாமல் செல்ல முடிந்தால், அப்பட்டி தன் பணியைச் செவ்வனே செய்கிறது எனலாம். நிறம் மாறுவது 0.3 வினாடியில் முடிந்துவிடும். ஆயினும், வருகின்ற ஒவ்வொருவருக்கும் அது வழிகாட்டினால்தான் அம்மாற்றத்திற்குப் பொருள் உண்டு.