லின்னேயஸ் டிரைப்

லின்னேயஸ் டிரைப் (ஏப்ரல் 14, 1822 – மார்ச் 2, 1902) கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரியும், சென்னை மாகாண அரசால் அலுவல்முறை ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டவரும் ஆவார். 1857 டிசம்பர் முதல் 1858 ஏப்ரல் வரை தமிழகத்தில் அவர் மேற்கொண்ட பயணத்தில் இராயக்கோட்டை, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் முதலிய இடங்களை ஒளிப்படங்களில் பதிவு செய்தார். தமிழகக் கோயில்களையும் கோட்டைகளையும் முறையாகப் படம்பிடித்த மிகத் தொடக்ககால முயற்சிகளுள் இது ஒன்றாகும். அரசுப் பணத்தில் தொடங்கிய இப்பணி சில ஆண்டுகளுக்குள்ளேயே தேவையற்ற ஆடம்பரம் என்று கருதப்பட்டு நிறுத்தப்பட்டது. அதே படங்கள் 2014-15 ஆம் ஆண்டுகளில் வாசிங்டன், நியூயார்க், இலண்டன் நகரங்களின் பெரும் அருங்காட்சியகங்களில் நுண்கலைப் படைப்புகளாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன.

தொடக்க காலம்

டிரைப் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன்போர்ட் என்னும் துறைமுக ஊரில் பிறந்தவர். இளமையிலேயே கம்பெனிப் படையில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். 1850களின் தொடக்கத்தில் நீண்ட விடுப்பில் தாயகம் சென்றிருந்தபோது ஒளிப்படக்கலையைப் பயின்றார். அக்காலத்தில் இக்கலை பிறந்து பதினைந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. கருவியும் வேதிப்பொருள்களும் வாங்கும் வசதியும், சோதனை செய்து பார்க்கும் பொறுமையும் உடையவர்களே இதில் ஈடுபட்டனர். 1853 இல் இலண்டனில் ஒளிப்படக் கழகம் நிறுவப்பட்டபோது டிரைப் அதில் உறுப்பினரானார்.

1854 இல் இந்தியா திரும்பிய அவர், விடுப்புக் காலத்தைப் பயன்படுத்தி மைசூர் நாட்டின் ஹளேபீடு, பேளூர் முதலிய இடங்களின் போசளர் காலக் கோயில்களைப் படம்பிடித்தார். 1855 இல் சென்னையில் நடைபெற்ற பொருட்காட்சியில் இப்படங்கள் முதல் வகுப்புப் பதக்கம் பெற்றன. யாரும் கேட்காமல், தம் சொந்தச் செலவில் எடுத்த படங்களே அவருக்கு அடுத்தடுத்த அரசுப் பணிகளைப் பெற்றுத் தந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

பர்மியப் பயணம்

இரண்டாம் ஆங்கிலேய-பர்மியப் போருக்குப் பின், கைப்பற்றிய பெகுப் பகுதியைப் பற்றி மின்டோன் மன்னருடன் உடன்படிக்கை செய்துகொள்ள ஆர்தர் பேய்ர் தலைமையில் ஒரு தூதுக்குழு 1855 இல் அனுப்பப்பட்டது. அக்குழுவின் ஒளிப்படக் கலைஞராக டிரைப் சென்றார். உடன்படிக்கை கைகூடவில்லை. ஆனால் டிரைப் இருநூறுக்கும் மேற்பட்ட எதிர்ப்படங்களுடன் திரும்பினார். அவற்றிலிருந்து 120 படங்களைத் தேர்ந்து 50 தொகுதிகள் உருவாக்கும்படி பணிக்கப்பட்டார். அதாவது 6000 படிகள். ஒவ்வொன்றும் வெயிலில் வைத்துத் தனித்தனியே அச்சிடப்பட வேண்டியது. பெங்களூரில் இருந்த அவருடைய பணிக்கூடத்தில் இவ்வேலை நீண்ட காலம் நடைபெற்றது.

இப்படங்களின் நோக்கம் கலை மட்டும் அன்று. அண்டை நாட்டின் நகரங்கள் எவ்வாறு உள்ளன என்று கல்கத்தாவில் இருந்த ஆட்சியாளர்கள் அறிந்துகொள்ளவும் அவை பயன்பட்டன. டிரைப்பின் படங்களை அழகுக்காக மட்டும் பார்ப்போர் இதனை மறந்துவிடுதல் கூடாது.

சென்னை மாகாண அரசின் பணி

1856-57 அளவில் டிரைப் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார். மாகாணத்தில் உள்ள பழம்பொருள்களையும் கட்டடங்களையும் சிற்பங்களையும், அவை அழிந்துபடுவதற்கு முன் பதிவு செய்துவிட வேண்டும் என்பதே அவர் முன்வைத்த திட்டத்தின் சாரமாகும். 1857 டிசம்பரில், வட இந்தியாவில் கிளர்ச்சி இன்னும் ஓயாத நேரத்தில், கருவிகளை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து புறப்பட்டார்.

பெங்களூரிலிருந்து தெற்கே வருவோர் பாராமகால் என்று வழங்கப்பட்ட மேட்டுநிலத்தைக் கடந்து சேலத்துச் சமவெளிக்கு இறங்க வேண்டும். இந்த இறக்கத்தில் அமைந்ததே இன்றைய தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர்க் கணவாய். மைசூர்ப் போர்க் காலத்தில் படைகள் பயன்படுத்திய வழி இது. இன்று தேசிய நெடுஞ்சாலையும் இக்கணவாய் வழியாகவே செல்கிறது. அக்காலத்தில் தருமபுரி, கிருட்டிணகிரி என்று தனி மாவட்டங்கள் இல்லை; தொப்பூர், இராயக்கோட்டை இரண்டும் சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. தருமபுரி மாவட்டம் 1965 இலும், அதிலிருந்து கிருட்டிணகிரி மாவட்டம் 2004 இலும் பிரிக்கப்பட்டன.

டிரைப் 1858 இல் வெளியிட்ட தொகுதிகளுள் ஒன்று இராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் பற்றியது. இராயக்கோட்டை மலைமேலிருந்து வடமேற்கு நோக்கி எடுத்த நிலக்காட்சி இதில் சிறப்பானது. 1791 இல் திப்பு சுல்தானின் படையிடமிருந்து கம்பெனிப் படை கைப்பற்றிய கோட்டை இது. ஒரு படை அதிகாரி இங்கு வந்தால் மதிலையும் வாயிலையும் மட்டும் படம்பிடித்திருக்கலாம். டிரைப்போ மலைமேல் ஏறி, கீழே விரியும் வெற்று நிலத்தையும் தொலைவில் மங்கும் குன்றுகளையும் படமாக்கினார். பாறையும் முட்புதரும் நிறைந்த தருமபுரி வட்டாரத்து நிலத்தின் தோற்றத்தைக் காட்டும் மிகப் பழைய ஒளிப்படச் சான்றுகளுள் இத்தொகுதியும் ஒன்று. கோயில் படங்களையே பெரிதும் பேசும் ஆய்வாளர்கள் இத்தொகுதிக்கு உரிய இடம் தரவில்லை என்றே தோன்றுகிறது.

தொழில்நுட்பம்

டிரைப் பெரும்பாலும் மெழுகிட்ட தாளை எதிர்ப்படமாகப் பயன்படுத்தினார். பிரான்சு நாட்டின் குஸ்தாவ் லெ கிரே 1851 இல் வெளியிட்ட முறை இது. தாளில் முதலில் மெழுகை ஊறச் செய்து, பின் அயோடைடு கரைசலிலும் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலிலும் நனைத்து உலர்த்துவர். அப்போது பரவத் தொடங்கியிருந்த ஈரக் கண்ணாடித் தகட்டு முறையில், பூச்சு உலர்வதற்குள் படம்பிடித்து உருத்துலக்கிவிட வேண்டும். எனவே இருட்டறையைக் கூடவே தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. மெழுகுத் தாளை முன்னதாகவே ஆயத்தம் செய்து எடுத்துச் செல்லலாம். வெப்பமான நாட்டில் நெடும்பயணம் செய்வோருக்கு இது பெரும் வசதி.

இதற்கு இரு விலைகள் இருந்தன. முதலாவது, படத்தை உருப்பெருக்கி அச்சிடும் வழக்கம் அன்று இல்லை. எதிர்ப்படத்தை அச்சுத்தாளோடு ஒட்ட வைத்து வெயிலில் காட்டுவதால், படம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய தாளும், அத்தாளைக் கொள்ளும் அளவுக்குப் பெரிய கருவியும் தேவைப்பட்டன. டிரைப்பின் படங்கள் ஏறத்தாழ 25 செ.மீ. உயரமும் 35 செ.மீ. அகலமும் கொண்டவை.

இரண்டாவது, ஒளிபடச் செய்யும் நேரம் நிமிடக் கணக்கில் நீண்டது. அசையாத கல் தெளிவாகப் பதிந்தது. நடமாடிய மனிதர் பதியவில்லை. டிரைப்பின் மதுரையும் திருவரங்கமும் ஆளரவமற்ற ஊர்களாகத் தோன்றுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். கைவிடப்பட்ட நாகரிகம் ஒன்றைப் பார்ப்பது போன்ற மயக்கத்தை இப்படங்கள் ஐரோப்பியப் பார்வையாளருக்கு அளித்திருக்கக் கூடும். உண்மையில் அவை மக்கள் நாள்தோறும் வழிபட்டும் வாணிகம் செய்தும் வந்த இடங்கள்.

அக்கால வெள்ளி உப்புகள் நீல ஒளியையே மிகுதியாக ஏற்றன. ஆகவே வானம் வெறும் வெள்ளையாகவும் மரங்கள் கரிய திட்டுகளாகவும் வந்தன. டிரைப் எதிர்ப்படத் தாளின் மீது வண்ணப்பொருளைத் தூரிகையால் மெல்லத் தீட்டி, வானில் மேகங்களைச் சேர்த்தார்; இலைகளுக்கிடையே ஒளி ஊடுருவுவது போலவும் செய்தார். ஆவணத்தில் கை வைக்கலாமா என்ற கேள்வி இங்கு எழும். கட்டடத்தின் வடிவத்தை அவர் மாற்றவில்லை. படத்தைக் கண்ணுக்கு நிறைவாக்கவே தூரிகை எடுத்தார். எனினும் அவருடைய மேகங்களைக் கொண்டு அன்றைய வானிலையைக் கணிக்க இயலாது.

தஞ்சைக் கல்வெட்டுப் படம்

டிரைப்பின் படைப்புகளுள் மிகவும் வியப்புக்குரியது தஞ்சைப் பெரிய கோயிலில் எடுக்கப்பட்டதாகும். முதலாம் இராசராசன் கட்டி 1010 இல் நிறைவு செய்த இக்கோயிலின் விமானத்தைச் சுற்றி, அடித்தளம் நெடுகக் கல்வெட்டுகள் உள்ளன. டிரைப் கருவியைச் சிறிது சிறிதாக நகர்த்தி, அடுத்தடுத்த பகுதிகளைத் தனித்தனியாகப் படம்பிடித்தார். 21 படங்களை விளிம்போடு விளிம்பு பொருத்தி ஒட்டிய நீள்சுருளின் நீளம் ஏறத்தாழ 19 அடி.

இன்று கைபேசி மென்பொருள் சில நொடிகளில் செய்து தரும் வேலை இது. ஆனால் மென்பொருளுக்கு ஒரு படத்தை மறுபடத்தோடு பொருத்த, இரண்டிலும் பொதுவாக உள்ள புள்ளிகளைத் தேடிக் கணக்கிட முடியும். டிரைப்பிடம் இருந்தவை அளவுகோலும் கண்ணும் மட்டுமே. சுவருக்கும் கருவிக்கும் உள்ள தொலைவு ஓரிடத்தில் மாறினாலும் எழுத்துகளின் அளவு மாறிவிடும். வெயில் நகர்ந்தால் வெட்டெழுத்தின் நிழலும் மாறிவிடும்.

இதைவிடக் கருதத்தக்கது வேறொன்று. இக்கல்வெட்டுகளின் பொருள் அப்போது அறிஞர் உலகுக்குத் தெரியாது. சென்னை அரசின் கல்வெட்டு அறிஞராக ஊல்ட்சு 1886 இல் அமர்த்தப்பட்ட பின்னரே அவற்றைப் படித்து வெளியிடும் பணி முறையாக நடந்தது. டிரைப்புக்கும் தமிழ்க் கல்வெட்டைப் படிக்கத் தெரியாது. தமக்குப் புரியாத ஓர் எழுத்தை, பின்னால் வருவோர் படிப்பர் என்ற நம்பிக்கையில் வரி விடாமல் பதிவு செய்தார் எனலாம்.

மதுரையும் சென்னையும்

டிரைப் மிகுதியாகப் படம்பிடித்த ஊர் மதுரை. அதற்கென மட்டும் நான்கு பாகங்கள் வெளியிடப்பட்டன. புதுமண்டபம், திருமலை நாயக்கர் மகால், விளக்குத்தூண், தெப்பக்குளம், வைகையாற்றுத் தரைப்பாலம் ஆகியவை இவற்றில் இடம்பெற்றுள்ளன. கருவறைப் பகுதிக்குள் அவர் செல்ல இயலாது. சென்றிருந்தாலும் அங்கு ஒளி போதாது. எனினும் மீனாட்சியம்மன் கோயில் நகைகளைப் படம்பிடிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. மகாலைச் சீரமைக்கும் பணி 1866 இல் பதவியேற்ற ஆளுநர் நேப்பியர் காலத்தில் நடைபெற்றதால், அதற்கு முன் அக்கட்டடம் எவ்வளவு சிதைந்திருந்தது என்பதற்கு டிரைப்பின் படங்கள் நேரடிச் சான்றாக உள்ளன.

பயணத்தின் முடிவில் சென்னை வந்து, அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களைப் படம்பிடித்தார். வால்டர் எலியட் அகழ்ந்தெடுத்த இச்சிற்பங்களில் பெரும் பகுதி அடுத்த ஆண்டே இலண்டனுக்கு அனுப்பப்பட்டது.

பணி நிறுத்தம்

1859 இல் சார்லஸ் டிரெவெலியன் சென்னை ஆளுநராக வந்தார். 1857 கிளர்ச்சிக்குப் பின் அரசின் கருவூலம் வறண்டிருந்தது. ஒளிப்படப் பிரிவு அன்றைய நிதிநிலைக்குப் பொருந்தாத ஆடம்பரம் என்று கருதிய டிரெவெலியன் பணியை நிறுத்த ஆணையிட்டார். 1860 இல் பிரிவு மூடப்பட்டது. கணக்கு வழக்கின்படி ஆளுநரின் முடிவில் பெரிய தவறு காண முடியாது. ஆனால் மாகாணத்தின் பெரும் பகுதி அப்போதும் படம்பிடிக்கப்படாமல் இருந்தது. டிரைப்பின் கை பழகிய உதவியாளர்களும் கலைந்தனர். அவர்களுள் ஐயாசாமி என்னும் தமிழர் சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் ஒளிப்படக்கலை கற்பித்தார். அரசு கைவிட்ட பயிற்சி அவ்வழியே ஓரளவு தொடர்ந்தது.

டிரைப் அதன் பின் படைப்பணிக்கே திரும்பினார். பிற்காலத்தில் பர்மாவில் சில படங்கள் எடுத்ததைத் தவிர, ஒளிப்படத்தில் பெரிதாக ஈடுபடவில்லை. மேஜர் ஜெனரல் என்னும் கௌரவப் பதவியுடன் ஓய்வு பெற்று, பிறந்த ஊரிலேயே காலமானார்.

படங்களின் இன்றைய நிலை

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இத்தொகுதிகள் நூலகங்களில் பெயரளவில் கிடந்தன. ஜேனட் டீவன் என்பவர் முழுமையான பட்டியல் ஒன்றை 2003 இல் வெளியிட்டார். ரோஜர் டெய்லரும் தென்னிந்தியக் கோயிற்கலை ஆய்வாளர் கிரிஸ்பின் பிரான்புட்டும் எழுதிய நூலுடன், 2014 செப்டம்பரில் வாசிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் கண்காட்சி தொடங்கியது. அது பின்னர் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கும் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கும் சென்றது. மாகாணத்தின் பணத்தில், மாகாணத்தின் ஊர்களில் எடுத்த படங்களைக் காட்டிய இக்கண்காட்சியின் பயணப் பட்டியலில் சென்னையோ மதுரையோ இடம்பெறவில்லை.

டிரைப் காலமாகி ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டதால் இப்படங்களுக்குக் காப்புரிமைத் தடை இல்லை; மேற்கூறிய அருங்காட்சியகங்களின் இணையச் சேகரிப்புகளில் பல படங்களைப் பார்க்கலாம். தேடும் மாணவர்கள் ஊர்ப்பெயர்களின் இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்தினால் பல படங்கள் அகப்படுவதில்லை. இராயக்கோட்டை ‘ரயாகோட்டா’ என்றும், திருவரங்கம் ‘செரிங்கம்’ என்றும், புதுக்கோட்டை ‘பூடூகோட்டா’ என்றும், திருமயம் ‘டிரிமியம்’ என்றும், திருவையாறு ‘டிரிவாடி’ என்றும் அவற்றில் பதிவாகியுள்ளன.